பதினொன்றரைப் பங்கு காற்று

கல்யாணமாகி நான் கோயம்புத்தூரிலிருந்து கொல்கத்தா வந்தபோது என்னோடு ஒன்பது பட்டுப்புடவைகளும் ஒரு காரும் வந்தன. புடவைகள் என் தலைமாட்டில் பெட்டிக்குள் வந்தன. கார் சரக்கு ரயிலில் ஏறி நாலு நாள் கழித்து ஷாலிமார் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. புடவைகளுக்குப் பவானிபூர் வீட்டில் அலமாரி ஒழித்து வைத்திருந்தார்கள். காரை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் யாருக்கும் என்றால் இரண்டே பேர். ஒருவர் என் கணவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பயந்தால் பெங்காலியில்தான் கத்துவார், மாதத்தில் பாதி நாள் அலுவலக வேலையாக வெளியூரில் இருப்பார். இன்னொருவர் என் மாமனார். திருச்சிப் பொன்மலையில் ரயில்வே பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். பூஜை, சமையல், எலக்ட்ரிக் பில் எல்லாம் மாமனார் கையில்.

கார் வெளியிலிருந்து பார்க்கச் சாதுவான சின்ன வெள்ளை வண்டி. பானட்டைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். ஜப்பானிலிருந்து கழித்துக்கட்டி வந்த ஒரு டர்போ எஞ்சினை நானும் அண்ணனும் அவனுடைய பட்டறையில் ஆறு மாதம் மல்லுக்கட்டி உள்ளே உட்கார வைத்திருந்தோம். டர்போ என்பது ஒரு சின்ன விசிறி. வெளியேறுகிற புகையின் வேகத்திலேயே சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் ஒரு 'உஸ்', அப்புறம் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த 'உஸ்' கேட்டால் எனக்கு இன்றைக்கும் தலைகால் புரியாது.

கொல்கத்தாவில் எனக்கு வாய் இல்லை. பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது, ஹிந்தியும் தடவல். காய்கறிக்காரரிடம் விரலால் காட்டிக் கத்தரிக்காய் வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னை 'பௌமா' என்று கூப்பிட்டார்கள். மருமகள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த முதல் பெங்காலி வார்த்தை அதுதான். அதற்குப் பதிலாகச் சிரிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை. ஊரில் வாய் ஓயாமல் பேசி அடி வாங்கியவள் நான். தினமும் காலையில் சால்ட் லேக்கில் இருந்த என் சாஃப்ட்வேர் அலுவலகத்துக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பும்போதுதான் எனக்கு என் குரல் திரும்பி வந்தது. அந்தக் காரில் மட்டும்தான் நான் நானாக இருந்தேன்.

வந்த எட்டாவது மாதம் பிஸ்டன் உருகியது.

அன்றைக்கு என்று பார்த்து மாமனார் என் பக்கத்து சீட்டில். சால்ட் லேக்கில் இருக்கும் பழைய சிநேகிதரைப் பார்க்கக் கிளம்பியவர், மடியில் மண்சட்டி நிறைய மிஷ்டி தோய், அதாவது இந்த ஊர் இனிப்புத் தயிர், வைத்திருந்தார். புகைக்குழாயில் இருந்த சென்சார் சொல்வதைக் காட்ட டேஷ்போர்டில் நான் மாட்டியிருந்த மீட்டரில் பத்துப் பொட்டு விளக்குகள். பச்சை எரிந்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றுக்குப் பெட்ரோல் தாராளம், சிவப்பு எரிந்தால் பற்றாக்குறை. பைபாஸில் சாலை காலியாக இருந்தது, விளக்கு பச்சையாக இருந்தது, நான் மிதித்தேன். 'உஸ்' வந்தது. அதன் பின்னாலேயே 'டொப்' என்று ஒன்று வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த பஸ்ஸையே காணோம், அவ்வளவு வெள்ளைப் புகை. நான் பிரேக்கை அழுத்த, மிஷ்டி தோய் சட்டியை விட்டுக் கிளம்பி மாமனாரின் வேட்டியில் குடியேறியது. கதவைப் பிடித்திருந்த கையை அவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

மெக்கானிக் எங்கள் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளிப் பட்டறை வைத்திருந்த பெங்காலிக்காரர். நான் அவரை தாதா என்பேன், அவர் என்னை தீதி என்பார்; அண்ணன், அக்கா என்று அர்த்தம். மற்றபடி ஸ்பானரைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். அவர் எஞ்சினைப் பிரித்து மூன்றாவது பிஸ்டனை என் கையில் வைத்தார். நடுவில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. மாமனார் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"ஒரு தடவை விட்டேன். இன்னொரு பிஸ்டன் உருகுச்சுன்னா வண்டி போயிடும்மா. நீ பஸ்ஸுல போ" என்றார்.

வாய்ப்பேச்சு இல்லை அது. வாங்குவதற்கு ஆள் மேல்மாடியிலேயே தயாராக இருந்தார். அலிப்பூர் கோர்ட்டுக்குப் போய்வரும் வக்கீல். டர்போவைக் கழற்றிவிட்டால் வண்டி தனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும் என்று மாடிப்படியில் மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மாமனாரும் "ஹொபே, ஹொபே" என்று தலையாட்டுவார். ஆகும், ஆகும் என்று அர்த்தம். அந்த வார்த்தையையும் நான் கற்றுக்கொண்டேன், பிடிக்காமலே.

ஆக, எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், ஆனால் அடுத்த முறை பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையைச் சரியாகப் பார்த்துச் சொல்ல நல்ல சென்சார் வேண்டும். என் கார் இருப்பதும் போவதும் ஒரு கட்டைவிரல் நீளச் சாமானில் இருந்தது. அதற்கடுத்த இரண்டு மாதமும் நான் வேறு எதையாவது யோசித்தேனா என்று கேட்டால் ஞாபகம் இல்லை.

பழைய சென்சாரின் வண்டவாளம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் இன்டர்நெட்டில் மேய்ந்தபோது தெரிந்தது. அதற்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று பதினான்கு புள்ளி ஏழு பங்குக்கு மேலா, கீழா? அவ்வளவுதான். டர்போ காற்றைத் திணிக்கும்போது பிஸ்டன் சூட்டில் சாகாமல் இருக்க, காற்று பதினொன்றரைப் பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பதிமூன்றரையும் கீழ்தான், பதினொன்றரையும் கீழ்தான். இரண்டுக்கும் அது ஒரே பச்சை விளக்கைப் போட்டுச் சிரிக்கும். குழம்பில் உப்பு இருக்கிறதா என்றால் இருக்கிறது என்று மட்டும் தலையாட்டுகிறவரை ருசி பார்க்க வைத்த கதை. அந்தப் பச்சையை நம்பித்தான் நான் மிதித்திருக்கிறேன்.

வேண்டியது வைட்பேண்ட் சென்சார். பத்து முதல் இருபது வரை எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லிவிடும். இதை நான் சாப்பாட்டு மேஜையில் அறிவித்த அன்று வீடு இரண்டுபட்டது.

மாமனார் சென்சாரே வேண்டாம் கட்சி. பிளக்கைக் கழற்றிப் பார், டிகாக்‌ஷன் தூக்கலான காபி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம், கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் ஆபத்து. இதற்கு எதற்கு அமெரிக்கச் சாமான் என்பது அவர் வாதம். ஓட்டி முடித்த பிறகு பிளக்கைப் பார்ப்பது உருகி முடித்த பிறகு பிஸ்டனைப் பார்க்கிற மாதிரிதானே என்றேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பது அதற்குள் வீட்டுக்குத் தெரிந்திருந்தது. தாதா மூன்றாவது கட்சி. மல்லிக் பஜாரில் பெரிய வெளிநாட்டுக் கார்களை உடைத்து விற்கிறார்கள், அதிலிருந்து ஒரு பழைய வைட்பேண்டைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றார். இன்னொருவர் வண்டியில் எத்தனை வருஷம் புகை குடித்ததோ, அதன் வார்த்தையை நம்பி என் காரைப் பணயம் வைக்க முடியாது என்று கையாலும் கண்ணாலும் பாதித் தமிழாலும் அவருக்குப் புரியவைத்தேன். கணவரைக் கேட்டோம். அவர் புவனேஸ்வரிலிருந்து போனில், மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துக்கொண்டார்.

புதியதிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்றுக்கு அளவு சரிபார்ப்பு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். மாட்டினால் போதும், அதன்பிறகு நாம் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்றை நாமே சரிபார்க்க வேண்டும். புகைக்குழாயில் திருகுவதற்கு முன்னால் சும்மா வெளிக்காற்றில் தொங்கவிட்டு, சூடேறியதும் ஒரு பட்டனை அமுக்கினால், 'இதுதான் சுத்தமான காற்று, ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம்' என்று அது மனதில் எழுதிக்கொள்ளும். அப்புறம் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான். சந்தேகம் வந்தால் மறுபடியும் கழற்றிக் காற்றில் காட்டிக் கேட்கலாம்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். எந்தத் தொழிற்சாலையையும் நம்ப வேண்டாம், காற்று பொய் சொல்லாது என்று நினைத்தேன். அந்த எண்ணம் வந்த சாயங்காலம் பைபாஸில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய அலுவலகத் தோழி ஒருத்தி தன் பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி அதைக் கொண்டுவந்தாள். வால் முளைத்த ஸ்பார்க் பிளக் மாதிரி இருந்தது. மூக்கில் பொடிப்பொடியாகத் துளைகள், பின்னால் கறுப்பு ஒயர். அன்றிரவு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் படுத்தேன்.

தாதா புதுப் பிஸ்டன் போட்டு எஞ்சினைப் பூட்டிவிட்டு, டர்போவுக்குக் கீழே புகைக்குழாயில் துளைபோட்டு, சென்சார் திருகுவதற்கு நட்டு ஒன்றை வெல்டிங் வைத்தார். மழைக்கால ஈரம் சென்சாரின் மூக்கில் தேங்காதபடி கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லியிருந்தேன், அப்படியே வைத்தார். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க நாலு திருகுகள் கொண்ட ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினார். அதோடு துர்கா பூஜை வந்துவிட்டது. பட்டறை இழுத்துச் சாத்தியாகிவிட்டது. இனி லட்சுமி பூஜை முடிந்துதான்.

வண்டி வீட்டு ஷெட்டுக்கு வந்துவிட்டது, சென்சார் மட்டும் திருகாமல் ஒயரில் தொங்கியது. அன்றைக்கு நவமி. ஊருக்கு துர்கா பூஜை, எங்கள் வீட்டுக்கு ஆயுத பூஜை. இந்த ஊர்ப் பட்டறைகளில் ஆயுதங்களுக்கான பூஜை விஸ்வகர்மா பூஜையன்று செப்டம்பரிலேயே முடிந்துவிடும். தாதாவின் ஸ்பானர்களெல்லாம் அன்றைக்கே மாலை வாங்கிக்கொண்டன. அதற்குப் பிறகு வந்து சேர்ந்த சாமானுக்கு ஆயுத பூஜைதான் கதி என்று மாமனார் சொல்லிவிட்டார். நான் பட்டனை அமுக்க அவசரப்பட்டேன். பூஜை முடியாமல் எந்தக் கருவியும் வேலையை ஆரம்பிக்கக் கூடாது என்றார். சரி, இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று கீழே கார் ஷெட்டுக்குப் போனோம்.

அவர் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சென்சாரின் மூக்கில் பொட்டு வைக்க வந்த கையை நான் தடுத்து, ஒயரில் வைக்கச் சொன்னேன். துளை அடைந்துபோகும் என்றதும் ஒப்புக்கொண்டார். நான் மின்சாரத்தைப் போட்டேன். சென்சார் சூடேற ஆரம்பித்தது, சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கியது. அந்த நேரம் பார்த்து எதிர்ப் பந்தலில் டாக் மேளம் கிளம்பியது. ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் அடித்தால் அது காதில் கேட்காது, நெஞ்சில்தான் கேட்கும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விளக்கு மினுக்குவது நின்றதும் இந்தப் பட்டனை அமுக்குங்கள் மாமா என்று அவரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் சிக்னலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி விளக்கின் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

திரும்பி வந்தபோது ஷெட் முழுக்க சாம்பிராணி மணம். அமுக்கியாகிவிட்டது என்றார். விளக்கும் நிலையாக எரிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சென்சாரைக் கழுத்து வலிக்கக் குனிந்து புகைக்குழாயில் திருகி முடித்தேன். அன்றைக்கு அவர் கொடுத்த சுண்டலை மூன்று கிண்ணம் தின்றேன்.

லட்சுமி பூஜை முடிந்து தாதாவும் நானும் சால்ட் லேக்கைத் தாண்டிப் புதிதாகப் போட்டிருந்த அகலச் சாலைக்குப் போனோம். மீட்டர் சிவப்பு எழுத்தில் எண் சொன்னது. மிதித்தால் பத்தே முக்கால். பெட்ரோல் தேவைக்கு மேல் கொட்டுகிறது என்று அர்த்தம். திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். பதினொன்று. பதினொன்றே கால். பதினொன்றரை. அங்கேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. தாதா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஏதோ பாடினார், நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். ஒரு வருஷமாக யாரோடும் அவ்வளவு பேசியதில்லை நான். ஒரு வார்த்தைகூட பொதுவாக இல்லாத இரண்டு பேர் வீடு வரும்வரை ஓயாமல் பேசிக்கொண்டே வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்ப்பு நாள். மாமனாரை அழைத்தேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். கையில் ஒரு துணிப்பை. மிஷ்டி தோயா என்று கேட்டேன். பிளக் ஸ்பானர் என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் சிரித்துக்கொண்டேன். எண் என் பக்கம் இருந்தது.

அதே அகலச் சாலை. ஆள் இல்லை, இரண்டு மாடுகள் மட்டும் தள்ளி நின்றன. மிதித்தேன். 'உஸ்.' முதுகு சீட்டில் ஒட்டியது. மீட்டரைப் பாருங்கள் மாமா என்றேன், பதினொன்றரை, பதினொன்றரை. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பயம் என்று நினைத்தேன்.

"நிறுத்து" என்றார்.

ஏன் என்றேன். எஞ்சின் தட்டுகிறது, எவர்சில்வர் டப்பாவில் கடுகு கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கேட்கவில்லையா என்றார். எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்த 'உஸ்' ஒன்றுதான் கேட்டது. ஓரமாக நிறுத்தினேன். அவர் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"வண்டிய விக்கோணும்னுதானுங்க மாமா நீங்க இப்படிச் சொல்றீங்க. மொதல்ல இருந்தே உங்களுக்கு அதுதானுங்க எண்ணம்" என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன். அவர் எஞ்சின் ஆறக் காத்திருந்தார். தூரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. போய் இரண்டு மண்குவளைகளில் டீ வாங்கிவந்து ஒன்றை என் பக்கம் பானட் மேல் வைத்தார். குடித்து முடித்து மூன்றாவது பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

வெள்ளை. விபூதி வெள்ளை. நுனியில் மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, பிஸ்டன் இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள்தான் தாங்கும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் மீட்டர் பதினொன்றரை என்கிறது. இரண்டில் ஒன்று பொய். சென்சார் பொய் என்றால் நான் தேர்ந்தெடுத்தது தப்பு. நான் தேர்ந்தெடுத்தது தப்பு என்றால் கார் போகிறது.

அப்போதுதான் அதை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்பது ஞாபகம் வந்தது. சந்தேகம் வந்தால் காற்றைக் கேட்கலாம். காருக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துப் படுத்துச் சென்சாரைக் கழற்றினேன். ஒயரோடு வெளியே இழுத்து, கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு மின்சாரத்தைப் போட்டேன். சுற்றிலும் வயல், திறந்தவெளி, நல்ல காற்று. மீட்டரை ஆக்சிஜன் காட்டும்படி மாற்றினேன். இருபத்தொன்று காட்ட வேண்டும்.

இருபத்தாறு காட்டியது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இருபத்தாறு. உலகத்தில் எந்த மலையுச்சியிலும் எந்தக் காட்டிலும் இல்லாத ஆக்சிஜன் கொல்கத்தாவில் இருக்கிறதாம். பஸ் புகையும் கரியடுப்புப் புகையும் குடித்து இருமிக்கொண்டிருக்கிற கொல்கத்தாவில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய நேரத்தில் சிரித்தால் நிறுத்த முடியாது என்பது அன்றைக்குத் தெரிந்தது. காரின் மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமனார் என்ன என்று கேட்டார். சொன்னேன். சுத்தமான காற்று இதுதான் என்று அதற்கு நாம் எதைக் காட்டினோமோ, அது இந்தக் காற்றைவிட மோசமாக இருந்திருக்கிறது; அதனால்தான் இப்போது இதைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கிறது; காற்று அதிகமானால் காற்றையும், பெட்ரோல் அதிகமானால் பெட்ரோலையும் அது கூட்டியே சொல்லும், அதை நம்பி நான் பெட்ரோலைக் குறைத்துவிட்டேன்; ஆனால் கொல்கத்தா காற்றைவிட மோசமான காற்றை நாம் எங்கே போய்ப் பிடித்தோம் என்றுதான் புரியவில்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்பானரைத் துணியில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"நான்தாம்மா" என்றார். "நீ மேளம் பாக்கப் போனப்போ, பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி சாம்பிராணிய அதுக்கு நேரா மூணு சுத்து காட்டுனேன். அப்படியே கீழ புடிச்சுக்கிட்டுதான் அமுக்குனேன்."

அவர் சும்மா இருந்திருக்கலாம். சென்சார் சரியில்லை, பார்த்தாயா என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும்; எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. வண்டி அந்த வாரமே மேல்மாடிக்குப் போயிருக்கும். அவர் கேட்டது அவருக்குக் கிடைத்திருக்கும்.

ஏன் காட்டினீர்கள் என்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. அவர் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு பைபாஸ்ல புகையில உன் மூஞ்சி எனக்குத் தெரியலம்மா. நீ இருக்கியா இல்லையான்னே தெரியல. இனிமே உன்னப் பாத்துக்கப்போறது இந்தச் சாமான்தான்னா, அதுக்கு நல்லபடியா ஒரு தூபம் காட்ட வேண்டாமா?"

வண்டி போகட்டும் என்று அவர் சொன்னதெல்லாம் அந்த வெள்ளைப் புகையைப் பார்த்துச் சொன்னது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தயிர் கொட்டிய வேட்டியோடு கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கையை நான் எட்டு மாத மருமகளாகப் பார்த்துத் தப்பாகப் படித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் விடவில்லை. இரண்டும் கலந்து மூக்கில் டீ ஏறியது. அவர் என் முதுகில் தட்டினார்.

பிறகு இரண்டு பேரும் வேலையில் இறங்கினோம். சென்சாரை அவர் கையில் கொடுத்தேன். புகை, பீடி, ஊதுவத்தி எதுவும் இல்லாத பக்கமாகப் பிடியுங்கள் என்றேன். அவர் சாலையோரம் நின்று ஒயர் எட்டுகிறவரை கையை நீட்டி, மூக்கைத் தொடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மாடுகள் கிட்டே வந்தபோது மட்டும் இன்னொரு கையால் விரட்டினார். விளக்கு மினுக்கி நின்றது. இந்தத் தடவை பட்டனை நான் அமுக்கினேன். மீட்டர் இருபத்தொன்றுக்கு இறங்கி வந்து உட்கார்ந்தது.

திருகி மாட்டி மறுபடி மெல்ல மிதித்துப் பார்த்தால் எண் பன்னிரண்டேகாலைத் தாண்டியது. முக்கால் பங்கு வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லை, ஆனால் பிஸ்டனின் உயிர் அந்த முக்காலில்தான் இருந்தது. உடனே காலை எடுத்தேன். திருகுகளைத் திருப்பி வைத்தேன். பன்னிரண்டு. பதினொன்றே முக்கால். பதினொன்றரை. இப்போது எண்ணை நான் பார்க்கவில்லை, மாமனார் பார்த்தார். சத்தத்தை அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். டப்பாவில் கடுகு இல்லை. ஓரம்கட்டிப் பிளக்கைக் கழற்றினால் வெள்ளையின் ஓரத்தில் லேசாகக் காபி நிறம் ஏற ஆரம்பித்திருந்தது. டிகாக்‌ஷன் இன்னும் தூக்கலாக வேண்டும் என்று அவர் சொன்னார், அவ்வளவுதான் குறை.

திரும்பும் வழியில் ஒரு கடையில் மிஷ்டி தோய் வாங்கினோம். மடியில் வைத்துக்கொண்டார். பைபாஸில் இன்னொரு தடவை 'உஸ்' கேட்கலாமா என்று கேட்டார். நான் கேட்கவைத்தேன். தயிர் இடத்தை விட்டு நகரவில்லை.

வீட்டு வாசலில் வக்கீல் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார். அவர் கேட்டதில் எனக்கு 'காடி' மட்டும் புரிந்தது, வண்டி. நான் மாமனாரின் 'ஹொபே'வுக்காகக் காத்திருந்தேன். மாமனார் தயிர்ச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, கதவை மெல்லச் சாத்தினார்.

"பிக்ரி ஹொபே நா" என்றார். விற்பனைக்கு இல்லை. வக்கீல் ஏன் என்று கேட்டார் போலிருக்கிறது. மாமனார் என்னைக் காட்டினார்.

"பௌமார் காடி."

மருமகளுடைய வண்டி. என் கணவரைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.